குறைமாதக் குழந்தைகள்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

“ஏழு மாதத்துப் பிள்ளை தப்பும், எட்டு மாதத்துப் பிள்ளை தப்பாது” என்று ஊரில் பெரியவர்கள் சொல்ல நம்மில் பலர் கேட்டிருக்கின்றோம். இந்த நம்பிக்கை தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கிவரும் மருத்துவ நூல்களிலும் இதே கருத்து இருக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்தாலும் இது உண்மையல்ல. தாயின் வயிற்றில் குழந்தை தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் நுரையீரலையும் மூளையையும் பலப்படுத்துகின்றது. எனவே எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தை, ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தையைவிடப் பலம் கூடியதாகவே பொதுவாக இருக்கும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கின்றோம்? குறைமாதப் பிரசவத்தை விதி என்றும் கிரகபலன் என்றும் எண்ணிக் கைவிட்டுவிடும் மனநிலை நம்மிடையே இன்னும் இருக்கின்றது. வயிற்றில் நோ தொடங்கினால் “விடியட்டும், பார்ப்போம்” என்று ஓர் இரவு பொறுத்திருப்பவர்களும் இருக்கின்றார்கள். அந்த ஓர் இரவு எவ்வளவு பெறுமதியானது என்பதையும், குழந்தை பிறந்த பின்னர் தாய் தகப்பனின் பங்கு எவ்வளவு பெரியது என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை வாரம்?

வைத்தியர்கள் கர்ப்பகாலத்தை மாதக் கணக்கில் அல்லாமல் வாரக் கணக்கில் அளக்கின்றார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரங்கள் என்பது முழுக் கணக்கு. 37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். 32 முதல் 37 வாரத்திற்குள் பிறப்பவையே இவற்றில் மிகப் பெரும்பாலானவை. 28 முதல் 32 வாரத்திற்குள் பிறப்பவை மிகக் குறைமாதக் குழந்தைகள். 28 வாரத்திற்கும் முன் பிறப்பவை அதிதீவிரக் குறைமாதக் குழந்தைகள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 13.4 மில்லியன் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. யேர்மனியில் இது நூற்றுக்கு எட்டு அளவில் இருக்கின்றது. ஆகவே உங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்தால் அது ஒரு அபூர்வமான சாபமல்ல. “நீ பப்பாசிப்பழம் சாப்பிட்டாய், படியேறினாய், அதனால்தான்” என்று தாயைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. இரட்டைக் குழந்தைகள், உயர் இரத்த அழுத்தம், கிருமித்தொற்று, கருப்பைக் கழுத்துக் குறுகுதல், முன்னைய குறைமாதப் பிரசவம் என்று காரணங்கள் பல. பலருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்கப்படுவதில்லை.

லைப்சிக்கின் வெந்நீர்த் தொட்டி

நாம் வாழும் இந்த நகரத்திற்குக் குறைமாதக் குழந்தைகளின் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1856ஆம் ஆண்டு முதல் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்தவர் கார்ல் சிக்மண்ட் பிரான்ஸ் கிரேடே. பிறந்த குழந்தையின் கண்ணில் சில்வர் நைத்திரேட் துளி விடும் முறையை 1880இல் இங்குதான் அவர் தொடங்கினார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தைகள் கண்பார்வை இழந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய பிரசவ விடுதியில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்த அந்தக் கண்நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பாடநூல்களில் அவர் பெயர் நிற்பது இதற்காகவே.

அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரட்டைச் சுவர் கொண்ட ஓர் உலோகத் தொட்டி. இரண்டு சுவர்களுக்கும் இடையே வெந்நீர். உள்ளே துணியால் சுற்றப்பட்ட குறைமாதக் குழந்தை. நீர் ஆற ஆற மீண்டும் வெந்நீர் ஊற்றப்படும். 1860களிலிருந்து லைப்சிக்கில் பயன்பாட்டில் இருந்த இந்தத் தொட்டியைப் பற்றி கிரேடே 1884ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். பாரிசில் தார்னியே என்பவர் 1880ஆம் ஆண்டளவில் மூடிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று நாம் காணும் இன்குபேட்டரின் முன்னோர்கள் இவையே.

வெறும் வெந்நீர் எப்படி உயிரைக் காப்பாற்றும் என்று நீங்கள் கேட்கலாம். குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. தோலுக்குக் கீழே கொழுப்பு இல்லை. உடலின் அளவோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். அதனால் உடற்சூடு விரைவாகப் போய்விடும். குளிர்ந்த குழந்தை தன்னிடமுள்ள சிறிதளவு சீனியையும் ஒட்சிசனையும் சூட்டுக்காகவே எரித்துத் தீர்த்துவிடும். பிறகு மூச்சுவிடவும் வளரவும் சக்தி இருக்காது. இதனால்தான் இன்றும் குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலேயே அதைச் சூடாக வைப்பதில் அவ்வளவு கவனம் எடுக்கின்றார்கள்.

மூச்சின் கதை

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரங்கள் முந்திப் பிறந்த அக்குழந்தையின் எடை சுமார் 2.1 கிலோ. இன்றைய கணக்கில் இது பெரிய குழந்தை. ஆனால் 39 மணித்தியாலங்களில் மூச்சுத்திணறலால் அது இறந்துபோனது. உலகத்தின் பலம்மிக்க நாட்டின் தலைவராலும் அன்று தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் என்ன? நுரையீரலில் இலட்சக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, அவை மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் தடுப்பது சர்பக்டன்ட் என்னும் சவர்க்காரம் போன்ற ஒரு பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் இது போதியளவு சுரக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இப்பொருள் போதாமல் இருப்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். 1980இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்பக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே கொடுத்து வெற்றி கண்டார். கென்னடியின் குழந்தை இன்று பிறந்திருந்தால் சில வாரங்களில் வீடு போயிருக்கும் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

செயற்கைச் சுவாச இயந்திரம் உயிர் காக்கும்; அதேவேளை பிஞ்சு நுரையீரலைக் காயப்படுத்தவும் செய்யும். அந்த இயந்திரத்தை எவ்வளவு மென்மையாக ஓட்டலாம் என்று 16 யேர்மன் நிலையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் உல்ரிச் தோமே முதன்மை ஆசிரியராக அதன் முடிவு 2015இல் வெளிவந்தது. இரத்தத்தில் கரியமிலவாயுவைச் சற்றுக் கூட விட்டுவிட்டு இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதால், எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை என்பதே அம்முடிவு. எனவே முடிந்தவரை குழந்தையைத் தானாக மூச்சுவிடச் செய்வதே இன்றைய வழி. மூக்கினூடாக மெல்லிய அழுத்தத்தில் காற்றுக் கொடுத்துக்கொண்டு, நூல் போன்ற குழாயினால் சர்பக்டன்டை உள்ளே விடும் முறை யேர்மனியில், குறிப்பாகக் கேல்ன் நகரில், வளர்த்தெடுக்கப்பட்டது. மூச்சுவிட மறந்துபோகும் குழந்தைகளுக்குக் கபெயின் கொடுப்பார்கள். நாம் காலையில் குடிக்கும் கோப்பியில் உள்ள அதே பொருள்தான்! பயப்பட வேண்டாம்.

ஒட்சிசனிலும் அளவு வேண்டும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் தாராளமாக ஒட்சிசன் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை பழுதடைந்து பார்வை போனது. 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். இன்று ஒட்சிசன் அளவு இடைவிடாமல் கண்காணிக்கப்படுகின்றது. மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் வைத்தியர் பல தடவை விழித்திரையைப் பரிசோதிப்பார். வீட்டுக்கு வந்தபின் கொடுக்கப்படும் கண் பரிசோதனைத் திகதியை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

அந்த ஓர் இரவு

நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு பீற்றாமெதசோன் என்னும் ஊசிமருந்தைக் கொடுத்தால், அது நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய் நுரையீரலை விரைவாக முதிரச் செய்கின்றது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்படுவதையும் குறைக்கின்றது. 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு ஊசிகள். அவ்வளவுதான்.

ஆனால் இந்த மருந்து நன்றாக வேலைசெய்ய ஒரு நாளாவது வேண்டும். நோவைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்துகளைக் கொண்டு வைத்தியர்கள் பெரும்பாலும் இரண்டு நாள்களைச் சம்பாதிக்கப் பார்க்கின்றார்கள். அந்த நேரத்துக்குள் ஊசி போடலாம். தகுந்த வைத்தியசாலைக்குத் தாயை மாற்றலாம். குழந்தையை அம்புலன்சில் கொண்டுபோவதைவிடத் தாயின் வயிற்றிலேயே கொண்டுபோவது பன்மடங்கு பாதுகாப்பானது. நீங்கள் வீட்டில் பொறுத்திருக்கும் அந்த ஓர் இரவில் இந்த வாய்ப்புகள் எல்லாம் கைநழுவிப் போகலாம்.

37 வாரத்திற்கு முன் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், எந்த நேரமானாலும் உடனே பிரசவப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

1. வயிறு விட்டுவிட்டு இறுகுதல், இடுப்பு நோ வந்து வந்து போதல்.
2. நீர்க்குடம் உடைதல் அல்லது நீர் கசிதல்.
3. இரத்தம் படுதல்.
4. கடும் தலையிடி, கண்முன் மினுங்குதல், மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென வீங்குதல்.
5. குழந்தையின் அசைவு குறைதல்.
6. காய்ச்சல்.

அதிக இரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் 112ஐ அழையுங்கள். முற்றர்பாஸ் எனப்படும் தாய்மைப் பதிவேட்டை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்” என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்துத் தடவை வீணாகப் போய்வரலாம். ஒரு தடவை பிந்திப் போகக்கூடாது.

எந்த வைத்தியசாலை?

யேர்மனியில் பிரசவ வைத்தியசாலைகள் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 36 வாரங்கள் நிறைந்த, சிக்கலில்லாத பிரசவங்களைச் சாதாரண பிரசவ விடுதியில் பார்க்கலாம். 32 வாரத்திலிருந்து 36 வாரம் வரை அதற்கு அடுத்த படி. 29 வாரத்திலிருந்து 32 வாரத்திற்குள் என்றால் பெரினாட்டால்சென்ட்ரும் லெவல் 2. அதாவது தாய்க்கும் சிசுவுக்குமான சிறப்பு நிலையம். 29 வாரத்திற்கு முன்போ, 1250 கிராமிற்குக் குறைவாகவோ பிறக்கும் என எதிர்பார்க்கப்படும் குழந்தைகள் லெவல் 1 நிலையத்தில்தான் பிறக்க வேண்டும். அங்கே பிரசவ அறையும் சத்திரசிகிச்சை அறையும் சிசுக்களின் தீவிர சிகிச்சைப் பிரிவும் அருகருகே இருக்கும். சிசு வைத்திய நிபுணர் இரவும் பகலும் கிடைப்பார்.

1250 கிராமிற்குக் குறைந்த குழந்தைகளைப் பராமரிக்கும் வைத்தியசாலை ஆண்டுக்கு இத்தனை குழந்தைகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கின்றது. முன்னர் 14 ஆக இருந்த அந்த எண்ணிக்கை 2024 முதல் 25 ஆக உயர்த்தப்பட்டது. அடிக்கடி செய்பவர்களின் கைக்குத்தான் பழக்கம் வரும் என்பது இதன் அடிப்படை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறிய விடுதி மூடப்படுவது பற்றிக் கிராமப்புறங்களில் மனக்குறை இருக்கின்றது. தூரம் கூடுவது உண்மையான சிரமம்தான். ஆனாலும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அனுபவமுள்ள நிலையமே நல்லது.

லைப்சிக்கில் லீபிக் வீதியிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனை லெவல் 1 நிலையமாகும். இரட்டைக் குழந்தைகள், உயர் இரத்த அழுத்தம், முன்னர் குறைமாதப் பிரசவம் போன்றவை இருந்தால், எங்கே பிரசவம் என்பதை ஆறாம் மாதத்திற்குள்ளேயே உங்கள் பெண்நோய் வைத்தியருடன் பேசி முடிவுசெய்யுங்கள்.

கடினமான உரையாடல்

22, 23 வாரங்களில் பிரசவம் நெருங்கினால், தீவிர சிகிச்சை தொடங்குவதா, அல்லது வலியின்றிக் குழந்தையைத் தாயின் மடியில் அமைதியாக விடுவதா என்பதை யேர்மனியில் வைத்தியர்கள் பெற்றோருடன் சேர்ந்தே தீர்மானிக்கின்றார்கள். 24 வாரங்கள் நிறைந்துவிட்டால் பொதுவாக உயிர்காக்கும் சிகிச்சை அளிக்கப்படும். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இங்கே உயிர் பிழைக்கின்றன. 32 வாரம் தாண்டினால் ஏறக்குறைய எல்லாமே பிழைக்கின்றன.

இத்தகைய உரையாடலில் மொழிபெயர்க்க உங்கள் பன்னிரண்டு வயது மகளை அழைத்துச் செல்லாதீர்கள். தம்பி வாழ்வானா இறப்பானா என்ற சொல்லை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேரக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வைத்தியசாலையிடம் கேளுங்கள், அல்லது நன்கு டொச் தெரிந்த வளர்ந்த ஒருவரை அழையுங்கள். விளங்காதபோது தலையாட்டுவது நம்மவர்களின் வழக்கம். விளங்கவில்லை என்றால் “விளங்கவில்லை” என்று சொல்லுங்கள். மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: எங்கள் குழந்தைக்கு உள்ள வாய்ப்பு என்ன? சிகிச்சையின் சிரமங்கள் என்ன? நாளை நிலைமை மாறினால் முடிவையும் மாற்றலாமா?

தாயின் நெஞ்சும் தாயின் பாலும்

1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் இருந்தபோது, எட்கார் ரே என்ற வைத்தியர் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். இதுவே கங்காரு முறை. ஏழை நாடுகளுக்கான மாற்றுவழி என்று முதலில் எண்ணப்பட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே இப்படி வைத்த சிறிய குழந்தைகளில் 100க்கு 12 இறந்தன; முதலில் இன்குபேட்டரில் வைத்து நிலைமை சீரான பின் தாயிடம் கொடுத்த குழந்தைகளில் 100க்கு 15.7 இறந்தன. அதன் பின்னர் 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு இதை இயன்றளவு விரைவில் தொடங்கும்படி பரிந்துரைத்தது.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாடு பல ஆண்டுகள் தேசிய மின்சாரமின்றி இருந்தது. மின்சாரமில்லாத ஊரில் தாயின் நெஞ்சைத் தவிர வேறு இன்குபேட்டர் இல்லை என்பதை அங்கிருந்து வந்த நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இங்கே, எல்லா இயந்திரங்களும் இருக்கும் இடத்தில், “வயர்கள் கழன்றுவிடும், தொடப் பயமாக இருக்கின்றது” என்று தள்ளி நிற்கின்றோம். பயப்படாதீர்கள். தாதியர் குழந்தையை உங்கள் மார்பில் வைத்துத் தருவார்கள். தகப்பன்மாரின் நெஞ்சும் அதே அளவு சூடானதுதான்.

துடக்கு என்று 31 நாள்கள் வீட்டுக்குள் இருக்கும் வழக்கம் நம்மில் உண்டு. பிரசவித்த தாய்க்கு ஓய்வு கொடுக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் குழந்தை வைத்தியசாலையில் இருக்கும்போது தாய் வீட்டில் இருப்பது இருவருக்கும் நல்லதல்ல. பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள்: சரக்குக் கறி சமைத்து, பெட்டியில் கட்டி, மகளை வைத்தியசாலைக்கு அனுப்பிவையுங்கள். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய மருந்து.

தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் ஒன்று வரலாம். தாய்ப்பால் அதை வெகுவாகக் குறைக்கின்றது. குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது. 34 வாரமளவில்தான் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒன்றாகப் பழகும். ஆகவே பிறந்த முதல் சில மணித்தியாலங்களிலேயே பம்பினால் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். இரவும் சேர்த்து நாளுக்கு எட்டுத் தடவையளவில். முதலில் சில துளிகள்தான் வரும். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் ஒவ்வொரு துளியும் குழந்தைக்கு வேண்டும், அதைக் கொட்டிவிடாதீர்கள்.

தாய்க்குப் பால் போதாதபோது பிற தாய்மார் தானம் செய்த, பரிசோதித்துச் சூடாக்கிய பால் உதவும். யேர்மனியின் முதல் தாய்ப்பால் வங்கியை மாரி எலிசே கைசர் என்ற பெண் வைத்தியர் 1919இல் மாக்டபேர்க் நகரில் ஆரம்பித்தார். மேற்கு யேர்மனியில் இவை 1970களில் மூடப்பட்டன. கிழக்கில் பல நிலைத்து நின்றன. லைப்சிக் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தாய்ப்பால் வங்கி இருக்கின்றது. இன்னொரு தாயின் பால் வேண்டாம் என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. ஊரில் அயல்வீட்டுத் தாய் பால் கொடுத்த கதைகள் நம்மிடமும் உண்டு.

நிறைமாதமானாலும் கவனம் வேண்டியவர்கள்

குறைமாதம் மட்டுமே ஆபத்தல்ல. தென்னாசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு அதிகம். அந்தத் தாய்மாரின் குழந்தை பெரிதாகக் கொழுகொழுவென்று பிறந்தாலும், முதல் நாள்களில் அதன் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 24 முதல் 28 வாரத்திற்குள் செய்யப்படும் சீனிப் பரிசோதனை 2012 முதல் யேர்மனியில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியது, அதைத் தவிர்க்காதீர்கள்.

இன்னொன்று மஞ்சட்காமாலை. நமது மாநிறத் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. கண்ணின் வெள்ளையையும் வாயின் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் 24 மணித்தியாலத்தில் மஞ்சள் தெரிந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் உடனே காட்டுங்கள். யன்னலோரம் வெயிலில் வைத்தால் மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தேன், கோரோசனை, உரைமருந்து, சீனித்தண்ணீர் எதையும் நாக்கில் தடவவேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

வீடு வந்தபின்

“பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கத் தொடங்கிவிட்டது, இது இன்னும் இல்லை” என்ற பேச்சுத்தான் குறைமாதக் குழந்தையின் தாயை அதிகம் வதைப்பது. இக்குழந்தைகளுக்கு இரண்டு வயது உண்டு. பத்து வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்கும்போது அதிலிருந்து பத்து வாரத்தைக் கழிக்க வேண்டும். இதைத் திருத்திய வயது என்கின்றோம். இரண்டு வயது வரை இந்தக் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக்கூடாது. அது பிறந்த திகதியின்படியே. குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு ஊசி மேலதிகமாகவும் போடப்படும். குளிர்காலத்தில் குழந்தைகளின் மூச்சைப் பாதிக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கு எதிரான ஊசி 2024 முதல் யேர்மனியில் எல்லாச் சிசுக்களுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றது.

எதிர்காலம் எப்படி இருக்கும்? மறைக்காமல் சொல்வதானால், 28 வாரத்திற்கு முன் பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவில் கைகால் இயக்கத்தைப் பாதிக்கும் மூளைவாதத்தோடு வாழ்கின்றார்கள். வேறு சிலருக்குப் பார்வை, கேள்வி, கவனம், கணக்கு ஆகியவற்றில் சிரமம் இருக்கலாம். பெரும்பான்மையினர் சாதாரண பாடசாலைக்குப் போகின்றார்கள். பவேரியாவின் தென்பகுதியில் 1985, 86இல் பிறந்த குறைமாதக் குழந்தைகளை வளர்ந்தவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வொன்று, பொறுமையோடும் புரிந்துணர்வோடும் வழிகாட்டிய பெற்றோரின் பிள்ளைகள் படிப்பில் இடைவெளியை வெகுவாகக் குறைத்துக்கொண்டதைக் காட்டியது. அடித்தும் பிறரோடு ஒப்பிட்டும் கிடைக்காதது இதனால் கிடைத்திருக்கின்றது.

1500 கிராமிற்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு வயதில் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை இருக்கின்றது. பிள்ளை நன்றாகத்தானே இருக்கின்றது என்று அதற்குப் போகாமல் விடுகின்றவர்கள் உண்டு. “ஊனம் என்று எழுதிவிடுவார்கள், நாளைக்குக் கலியாணப் பேச்சில் இடைஞ்சல்” என்ற பயமும் காரணம். அந்த அறிக்கை வைத்திய இரகசியம். குறை இருந்தால் இரண்டு வயதில் தெரிவதுதான் நல்லது. அப்போதுதான் பயிற்சிகள் நன்றாகப் பலன் தரும்.

உங்களுக்குள்ள உரிமைகள்

வேலைசெய்யும் தாய்க்குப் பிரசவத்தின் பின் 8 வாரமாக உள்ள விடுமுறை, குறைமாதப் பிரசவத்திற்கு 12 வாரம். முந்திப் பிறந்ததால் எடுக்க முடியாமல்போன முன்விடுமுறை நாள்களும் அதனோடு சேரும். 2021 செப்டெம்பர் முதல் பிறந்த குழந்தைகளுக்கு எல்ற்றன்கெல்ட் எனப்படும் பெற்றோர் கொடுப்பனவும் கூடுகின்றது: 6 வாரம் முந்தினால் ஒரு மாதம், 8 வாரத்திற்கு இரண்டு, 12 வாரத்திற்கு மூன்று, 16 வாரத்திற்கு நான்கு மாதம். இதற்கான தகுதி உங்கள் விசா வகையையும் பொறுத்தது. வீடு திரும்பும்போது தாதியும் சமூகசேவையாளரும் சில வாரங்கள் வீட்டுக்கு வந்து உதவும் ஏற்பாட்டிற்கும் மருத்துவக் காப்புறுதி பணம் கொடுக்கும். வைத்தியசாலையின் சமூகசேவைப் பகுதியில், குழந்தை உள்ளே இருக்கும்போதே கேளுங்கள்.

நம்மவர்களில் பலருக்கு இங்கே தாய் சகோதரிகள் பக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் புதிதாக வந்த இளம் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். ஆகவே ஒரு வீட்டில் குழந்தை முந்திப் பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், “என்ன நடந்தது? ஏன் இப்படி?” என்று துருவிக் கேட்க வேண்டாம். கிருமித்தொற்று ஆபத்துள்ள முதல் மாதங்களில் கூட்டமாகப் பார்க்கப் போகவும் வேண்டாம். ஒரு வேளைச் சோறு, மூத்த பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும் ஒரு கை, அலுவலகக் கடிதத்தை வாசித்து விளக்கும் அரை மணித்தியாலம் ஆகியவை போதும். கர்ப்பமாக இருக்கும் தங்கைமார், மருமக்கள் யாரும் உங்கள் வீட்டில் இருந்தால், மேலே தந்த ஆறு அறிகுறிகளையும் இன்றே அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரையோ பெண்நோய் வைத்தியரையோ தயங்காமல் நாடுங்கள்.